அஞ்சு மண்டை ஓடு, ஒரு ஓட்டை சார்ட்: மனுசன் - மனிதக் குரங்கு மாடல் செட் ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், வாங்கலாம். மண்டை ஓடுங்க நல்லா இருக்கு, நான் எதிர்பார்த்ததவிட நல்லாவே இருக்கு. கூட வர்ற சார்ட்டும் புக்லெட்டும்தான் படு மோசம், எந்தக் காலத்து புக்கப் பாத்து யாரு எழுதினாங்களோ தெரியல. அதனால எலும்புக்கு ஒரு மார்க், பேப்பருக்கு ஒரு மார்க்னு தனித்தனியாத்தான் குடுக்க முடியும்.

நான் திருச்சில வீட்டு மாடில ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பசங்களுக்கு பயாலஜி டியூஷன் எடுக்கறேன், நீட் எழுதறதுங்களும் இருக்கு. எவல்யூஷன் பாடம் வந்தா போதும் பசங்க "மிஸ் அப்ப ஜூல இருக்கற குரங்கு ஏன் இன்னும் மனுசனா மாறல"ன்னு ஆரம்பிச்சுருவாங்க, படம் வரைஞ்சு காட்டி காட்டி கை வலிச்சதுதான் மிச்சம். கையில குடுத்துட்டா அதுங்களே பாத்துக்கும்னுதான் இந்த செட்ட ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன். விலை கொஞ்சம் ஜாஸ்திதான், ஒரு சுமாரான ஆண்ட்ராய்டு போன் வாங்கிடலாம் அந்தக் காசுக்கு. கடை பேரு சொல்லல, கேக்காதீங்க, இதே செட்டு பல கடைல வேற வேற லேபிள்ல சுத்திட்டு இருக்கு.

பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னா மனுசன், சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான், கிப்பன் இந்த அஞ்சோட மண்டை ஓடு, எல்லாமே ரெசின்ல செஞ்சது, கீழ்த்தாடை தனியா கழட்டி மாட்டலாம். அப்புறம் மனுசன் கை கால் எலும்பு ஒரு செட், சிம்பன்சி கை கால் ஒரு செட், கம்பி போட்டு கோத்து வச்சிருக்காங்க. சுவத்துல மாட்டற சார்ட் ஒண்ணு, புக்லெட் ஒண்ணு. வந்த அன்னிக்கே ஒரு பொண்ணு தொட்டுப் பாத்துட்டு "மிஸ் இது நிஜ எலும்பா"ன்னு பயந்துட்டா. இல்லம்மா, நிஜ எலும்பு வாங்கினா நானும் வித்தவனும் சேந்து உள்ள போயிருவோம், மனிதக் குரங்கு இனம் எல்லாமே சைட்டீஸ்ங்கற உலக வனவிலங்கு வியாபார ஒப்பந்தத்துல முதல் பட்டியல்ல இருக்கு, வியாபாரத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டு போகவே கூடாது. யாராவது ஆன்லைன்ல "ஒரிஜினல்"னு போட்டிருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க.

சரி எலும்புக்கு வருவோம். நான் முதல்ல செக் பண்ணது பல்லு, ஏன்னா சீப்பான மாடல்ல முதல்ல ஏமாத்தறது அங்கதான், ஏதோ வரிசையா வெள்ளையா புள்ளி வச்ச மாதிரி இருக்கும். இதுல அப்படி இல்ல. அஞ்சு மண்டைலயும் 32 பல்லு, வாய நாலாப் பிரிச்சா ஒவ்வொரு பகுதிக்கும் ரெண்டு வெட்டுப்பல், ஒரு கோரைப்பல், ரெண்டு முன்கடைவாய்ப்பல், மூணு கடைவாய்ப்பல், நமக்கு இருக்கற அதே கணக்கு. பசங்க எண்ணி முடிச்சதும் கொஞ்ச நேரம் நம்பவே இல்ல, கொரில்லாவுக்கு நெறைய இருக்கும்னு நெனச்சுருக்காங்க. அதவிட எனக்கு சந்தோஷம் கொடுத்தது கீழ் கடைவாய்ப்பல்லு. அதுல அஞ்சு மேடும் நடுவுல ஒய் ஷேப்புல பள்ளமும் இருக்கணும், ஒய்-5ன்னு சொல்லுவாங்க, மனிதக் குரங்குங்களுக்கும் நமக்கும் இருக்கு, நம்ம ஊர் மரத்துல திரியற நாட்டுக் குரங்குக்கு இருக்காது, அதுக்கு ரெண்டு வரப்பு மாதிரி இருக்கும். சிம்பன்சி மாடல்ல அந்த ஒய் லென்ஸ் இல்லாமலே தெரியுது. ஒராங்குட்டான் பல்லுல எனாமல் மேல பொடிப்பொடியா சுருக்கம் இருக்கும், அதையும் விடல. இத வார்த்தவங்க நிஜ எலும்புல இருந்து அச்சு எடுத்தவங்ககிட்ட வாங்கியிருக்கணும், இல்லன்னா இவ்வளவு சரியா வராது.

அடுத்தது கோரைப்பல். இங்கதான் கிளாஸே களைகட்டுது. சிம்பன்சி கீழ்த்தாடைய மாட்டி மெதுவா மூடிப் பாருங்க, மேல் கோரைப்பல்லோட பின் ஓரம் கீழ இருக்கற முதல் முன்கடைவாய்ப்பல் மேல உரசிட்டே இறங்கும், அதாவது வாய மூடித் திறக்கறப்ப எல்லாம் அது தன்னைத்தானே சாணை பிடிச்சுக்குது. கீழ்க் கோரைப்பல் போய் உக்காரதுக்கு மேல் வரிசைல ஒரு இடைவெளி இருக்கும். மனுசன் மண்டைல ரெண்டுமே கிடையாது, நம்ம கோரைப்பல் வெட்டுப்பல்லுக்கு அண்ணன் மாதிரி சும்மா நிக்குது. நம்ம வம்சத்துல கோரைப்பல் சின்னதானது மூளை பெருசாகறதுக்கு ரொம்ப ரொம்ப முன்னாடியே நடந்துருச்சு, இத பசங்ககிட்ட சொன்னா தலைகீழா இருக்கேன்னு பாக்கறாங்க.

கோரைப்பல்ல வச்சு அந்த ஜீவன் எப்படிக் குடும்பம் நடத்துதுன்னே ஓரளவு சொல்லிடலாம். கிப்பன் மண்டை உள்ளங்கைல அடங்கிடும், ஆனா கோரைப்பல் கத்தி மாதிரி நீட்டிட்டு இருக்கும், ஆண் பொண்ணு ரெண்டுக்குமே கிட்டத்தட்ட அதே நீளம். ஏன்னா பெரும்பாலும் ஜோடியாத்தான் இருக்கும், எல்லையக் காக்கறது ரெண்டு பேரும் சேந்து, காலங்காத்தால சேந்து பாடவும் செய்யும். கொரில்லால ஆணுக்கு மட்டும் அவ்வளவு பெருசு, ஒரு ஆணுக்கு பல பொண்ணுங்க, போட்டி ஜாஸ்தி, அதனால ஆணோட எடையும் பொண்ணோட எடைல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. சிம்பன்சில பல ஆணும் பல பொண்ணும் ஒரே கூட்டம், ஆணுக்குக் கொஞ்சம் பெருசு. நமக்கு அந்த வித்தியாசம் ரொம்பக் கம்மி. இதுக்கு மேல விந்தகம் சைஸ் கதை ஒண்ணு இருக்கு, கொரில்லாவுக்கு உடம்புக்கு சம்பந்தமே இல்லாம சின்னது, சிம்பன்சிக்கு பெருசு, நம்மது நடுவுல. அத சொன்னா பசங்க சிரிச்சே பாடம் போயிரும், ஆனா சொல்லுங்க, மறக்க மாட்டாங்க.

இங்க இந்த செட்டோட பெரிய குறை ஒண்ணு வருது. குடுத்திருக்கற கொரில்லாவும் ஒராங்குட்டானும் ஆண் மட்டும்தான். கொரில்லா உச்சந்தலைல சேவல் கொண்டை கணக்கா ஒரு எலும்பு வரப்பு, சஜிட்டல் கிரெஸ்ட், பாக்கவே மிரட்டும். அது தாடைத் தசை போய் ஒட்டறதுக்கான இடம், நாள் முழுக்க தண்டும் நாருமா மெல்லறதுக்கு தசை பெருசா வேணும், மண்டை சைஸ் பத்தல, அதனால எலும்பு மேல எழும்பி இடம் குடுக்குது. ஆனா பொண்ணு கொரில்லாவுக்கு அது இவ்வளவு இருக்காது, பல பொண்ணுங்களுக்கு இருக்கவே இருக்காது. ஒரே ஒரு ஆண் மண்டையக் காட்டி கொரில்லான்னா இதுதான்னு சொன்னா பசங்க பாதி உண்மையத்தான் கத்துக்கறாங்க. ஒரு பொண்ணு கொரில்லா மண்டை கூட வச்சிருந்தா கூட ரெண்டாயிரம் குடுத்திருப்பேன்.

மண்டையத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க. தண்டுவடம் உள்ள போற ஓட்டை, ஃபோரமென் மேக்னம். அந்த ஓட்டைல ஒரு பென்சில சொருகிப் பிடிச்சு மண்டைய முகம் நேரா முன்னாடி பாக்கற மாதிரி வச்சா மனுசன் மண்டைல பென்சில் நேரா கீழ போகும், சிம்பன்சில பின்னாடி சாஞ்சு போகும். அவ்வளவுதான், ரெண்டு கால்ல நிமிந்து நடக்கறதுன்னா என்னன்னு ஒரு நிமிசத்துல புரிஞ்சுரும். 1924ல தென்னாப்பிரிக்கால டாங்ங்கற இடத்துல ஒரு குட்டி மண்டை கிடைச்சப்ப ரேமண்ட் டார்ட்னு ஒரு உடற்கூறு விஞ்ஞானி இது நிமிந்து நடந்த ஜீவன்னு சொன்னதுக்கு இந்த ஓட்டை முன்னாடி தள்ளி இருந்ததும் ஒரு காரணம், அடுத்த பல வருசம் பெரிய பெரிய ஆளுங்க அத ஒத்துக்கல. மாடல்ல ஓட்டையோட இடம் அஞ்சுலயும் சரியா இருக்கு, நான் ஸ்கேல் வச்சுப் பாத்தேன்.

மூளை அளவு பாக்கறதுக்கு கேழ்வரகு ஊத்தி அளந்தோம், பழைய காலத்துல கடுகு போட்டு இப்படித்தான் அளப்பாங்க. நிஜத்துல சராசரியா மனுசனுக்கு 1350 சிசி, கொரில்லாவுக்கு 500, சிம்பன்சிக்கும் ஒராங்குட்டானுக்கும் 400 கிட்ட, கிப்பனுக்கு 100. மனுசன் மாடல் கிட்டத்தட்ட சரியா வந்துச்சு, சிம்பன்சியும் ஓகே. கொரில்லால ரொம்பக் கம்மியா வந்துச்சு, டார்ச் அடிச்சுப் பாத்தா உள்ள ரெசின் தடியா வழிஞ்சு கெட்டியாகி நிக்குது. அதாவது வெளிய அழகா இருக்கு, உள்ள ஃபினிஷிங் இல்ல. பரவால்ல, கொரில்லா மண்டை எவ்வளவு பெருசா இருந்தாலும் உள்ள சரக்குக்கு இடம் கம்மி, மத்ததெல்லாம் தசைக்கும் தாடைக்கும்னு சொல்ல அதுவே உதவிச்சு.

ஒராங்குட்டான் மண்டை எனக்கு ரொம்பப் பிடிச்சது, இதுக்காகவே செட்ட வாங்கலாம். பக்கவாட்டுல பாத்தா முகம் உள்பக்கம் குழிஞ்சு கிண்ணம் மாதிரி இருக்கும், கண்ணு குழி ரெண்டும் உயரமா, ரொம்பக் கிட்ட கிட்ட இருக்கும், சிம்பன்சி கொரில்லாவுக்கு இருக்கற மாதிரி தடிச்ச புருவ மேடு இருக்காது. இப்ப நம்ம நீட் பசங்க மனப்பாடம் பண்ற வரி ஒண்ணு இருக்கு, ட்ரையோபித்திகஸ் குரங்கு மாதிரி, ராமாபித்திகஸ் மனுசன் மாதிரின்னு, ரெண்டுமே எப்பவோ அழிஞ்சு போய் புதைபடிவமா மட்டும் கிடைச்ச இனங்க. ராமாபித்திகஸ் சிவாலிக் மலைல 1930கள்ல கிடைச்ச தாடைத் துண்டு. 1960கள்ல இதுதான் மனுசனோட நேரடி மூதாதைன்னு எல்லா புக்குலயும் போட்டாங்க, அதுக்கு ஒரு காரணம் என்னன்னா முழுத் தாடை கிடைக்காம துண்டுகள வச்சு நடுப்பகுதிய மனுசன் தாடை மாதிரி வளைவா இருக்கும்னு அவங்களே நிரப்பிக்கிட்டாங்க. இந்த செட்டுல பாருங்க, மனுசன் பல்வரிசை வளைஞ்சு விரிஞ்சு போகும், மத்ததுங்களுக்கு ரெண்டு பக்கமும் நேரா யூ மாதிரி இருக்கும், அந்த ஒரு வளைவுலதான் கோட்டை கட்டினாங்க. அப்புறம் பாகிஸ்தான்ல பொட்வார் பீடபூமில சிவாபித்திகஸ்னு அழிஞ்சு போன இன்னொரு மனிதக் குரங்கோட முகமே கிடைச்சு 1982ல வெளியாச்சு, பாத்தா குழிஞ்ச முகம், கிட்ட கிட்ட கண்ணு, அப்படியே ஒராங்குட்டான். ராமாபித்திகஸும் அதே கூட்டம்தான்னு ஆயிருச்சு. பரீட்சைல புக்கு வரிய எழுதுங்க, மார்க்கு முக்கியம், ஆனா இந்த மண்டையையும் ஒரு தடவ பாத்துட்டுப் போங்கன்னு சொல்லிட்டேன்.

கை கால் செட்டப் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல. கால் சூப்பர், சிம்பன்சி கால்ல கட்டைவிரல் பக்கவாட்டுல விலகி இன்னொரு கை மாதிரியே இருக்கு, மனுசன் கால்ல மத்த விரலோட வரிசைல வந்து நிக்குது, பாதத்துல வளைவு இருக்கு. கை சுமார், சிம்பன்சி விரல் எலும்பு வளைஞ்சு இருக்கணும், கிளை பிடிச்சுத் தொங்கறதால, இதுல கொஞ்சம் நேராக்கிட்டாங்க. கட்டைவிரல் நீளம் சரியாத்தான் இருக்கு, அதுக்கு குட்டையா, நமக்கு நீளமா, அதனாலதான் நம்மால ஊசிய விரல் நுனில பிடிக்க முடியுது. எனக்கு இதவிட இடுப்பெலும்பு ரெண்டு குடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும். மனுசனது குட்டையா அகலமா சட்டி மாதிரி, சிம்பன்சியது உயரமா தட்டையா இருக்கும், மண்டைக்கு அப்புறம் பெரிய வித்தியாசம் அங்கதான். பிரசவம் நமக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்னு கேக்கற பொண்ணுங்களுக்கு அதுலதான் பதில் இருக்கு.

இப்ப சார்ட்டு. இதத் திறந்ததும் எனக்கு வந்த கோவம் இருக்கே. இடது ஓரத்துல வாலோட ஒரு குரங்கு, அடுத்தது கிப்பன், அப்புறம் ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி, கடைசில நிமிந்து நடக்கற மனுசன், க்யூல நின்னு ப்ரமோஷன் வாங்கற மாதிரி. கீழ ஒரு தடிமனான கோடு போட்டு ஒரு பக்கம் "பாஞ்சிடே", மறு பக்கம் "ஹோமினிடே", அதாவது பெரிய மனிதக் குரங்குங்க எல்லாம் ஒரு குடும்பம், மனுசன் மட்டும் தனிக் குடும்பம். இது தாத்தா காலத்துப் பிரிவு. இன்னிக்கு ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி, போனோபோ, மனுசன் எல்லாமே ஹோமினிடேதான், கிப்பன் மட்டும் ஹைலோபேட்டிடேன்னு தனி. லின்னேயஸ் 1758லயே மனுசன குரங்குங்களோட ஒரே வரிசைல பிரைமேட்ஸ்னு வச்சுட்டாரு, டார்வின் புக் வந்தது அதுக்கு 101 வருசம் கழிச்சு 1859ல, ஆனா இந்த சார்ட் போட்டவருக்கு இன்னும் சேதி போய்ச் சேரல.

ஆனா ஒரு விஷயம் நியாயமா சொல்லணும். அஞ்சு மண்டையையும் டேபிள்ல வச்சு பேரு சொல்லாம, எது எதுகூட சொந்தம்னு பிரிச்சு வைங்கன்னு பசங்ககிட்ட விட்டேன். எல்லா பேட்சும் ஒரே மாதிரிதான் வச்சாங்க, சிம்பன்சியும் கொரில்லாவும் ஒண்ணா, மனுசன் தனியா ஒரு மூலைல. கண்ணால பாத்தா அப்படித்தான் தெரியும். சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் புருவ மேடு, நீட்டின முகம், பெரிய கோரைப்பல், பின்னாடி ஓட்டை, எல்லாம் ஒத்துப் போகுது, மனுசனுக்கு உருண்டை மண்டை, தட்டை முகம், போதாக்குறைக்கு தாடைல மோவாய் வேற துருத்திட்டு நிக்குது, அந்த மோவாய் வேற யாருக்கும் கிடையாது. அந்த சார்ட் போட்டவரும் இப்படித்தான் ஏமாந்திருக்காரு, அவரு மட்டும் இல்ல, விஞ்ஞானிங்களே ரொம்ப நாள் இப்படித்தான் இருந்தாங்க.

மாத்தினது எலும்பு இல்ல, ரத்தம். 1960களோட ஆரம்பத்துல மாரிஸ் குட்மேன்னு ஒருத்தர் ரத்தப் புரதத்த வச்சு ஒப்பிட்டுப் பாத்துட்டு, சிம்பன்சியும் கொரில்லாவும் ஒராங்குட்டான்கூட போற ஆளுங்க இல்ல, நம்ம பக்கம் நிக்கற ஆளுங்கன்னு சொன்னாரு, ரெண்டையும் மனுசன் குடும்பத்துலயே சேருங்கன்னாரு. 1967ல சாரிச், வில்சன்னு ரெண்டு விஞ்ஞானிங்க ஆல்புமின் புரதத்த வச்சு மனுசனும் ஆப்பிரிக்க மனிதக் குரங்குங்களும் பிரிஞ்சது வெறும் 50 லட்சம் வருசம் முன்னாடிதான்னு கணக்குப் போட்டாங்க, ராமாபித்திகஸ் கோஷ்டிக்கு அப்படி ஒரு கோவம் வந்துச்சு, அவங்க கணக்குல ஒண்ணரைக் கோடி வருசம் முன்னாடியே மனுசன் தனியாப் போயிட்டான். கடைசில ஜெயிச்சது ரத்தம்தான். டிஎன்ஏ வந்த பிறகு சிம்பன்சிக்கு கிட்டத்து சொந்தம் கொரில்லா இல்ல, நாமதான்னு முடிவாச்சு. 2005ல சிம்பன்சி ஜீனோம், அதாவது அதோட மொத்த டிஎன்ஏ வரிசை, வந்தப்ப ஒப்பிடக்கூடிய டிஎன்ஏ எழுத்துகள்ல நமக்கும் அதுக்கும் வித்தியாசம் ஒண்ணே கால் சதவீதத்துக்கு உள்ளதான், விடுபட்டது சேர்ந்தது எல்லாம் சேத்தா இன்னும் ஏறும்.

அதுலயும் ஒரு சுவாரசியம் இருக்கு. 2012ல கொரில்லா ஜீனோம் முழுசா வந்தப்ப, மொத்தத்துல 30 சதவீதம் இடத்துல சொந்தக் கணக்கு இடிக்குது, சில இடத்துல நாம சிம்பன்சியவிட கொரில்லாவுக்குக் கிட்ட, சில இடத்துல சிம்பன்சி நம்மளவிட கொரில்லாவுக்குக் கிட்ட. ஏன்னா கொரில்லா பிரிஞ்சதும், அப்புறம் நாமளும் சிம்பன்சியும் பிரிஞ்சதும் கொஞ்ச கால இடைவெளிலயே நடந்துச்சு, பழைய கூட்டத்துல இருந்த ஜீன் வகைகள் மூணு பக்கமும் கலைஞ்சு போச்சு. பெரும்பான்மை மனுசன் - சிம்பன்சி பக்கம்தான். இதெல்லாம் ஒரு சார்ட்டுல போட முடியாதுன்னு ஒத்துக்கறேன், ஆனா அந்த தடிமனான கோட்டையாவது எடுத்திருக்கலாமேப்பா. வாலோட குரங்க க்யூல முதல்ல நிறுத்தினவரு, சிம்பன்சிக்கு 48 குரோமோசோம் நமக்கு 46, ரெண்டு ஒட்டி நம்ம ரெண்டாவது குரோமோசோம் ஆச்சுன்ற விஷயத்தையாவது போட்டிருக்கலாம், அது நீட்டுக்கும் உதவும். வால் போனது எப்படின்னு 2024ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, டிபிஎக்ஸ்டின்னு ஒரு ஜீன்ல ஒரு சின்னத் துண்டு வந்து சொருகினது மனிதக் குரங்குங்களுக்கும் நமக்கும் பொதுவா இருக்குதாம், அது காரணமா இருக்கலாம்னு எலில செஞ்சு பாத்திருக்காங்க.

இன்னொரு ஓரவஞ்சனை, செட்டுலயும் சரி சார்ட்டுலயும் சரி போனோபோ கிடையவே கிடையாது. சிம்பன்சி எவ்வளவு கிட்டத்து சொந்தமோ அவ்வளவு கிட்டத்து சொந்தம் அது, காங்கோ ஆத்துக்குத் தெக்க மட்டும் வாழுது. அந்த இனத்தையே கண்டுபிடிச்சது ஒரு மண்டை ஓட்ட வச்சுதான். பெல்ஜியத்துல டெர்வூரன் மியூசியத்துல இருந்த ஒரு சின்ன மண்டையப் பாத்துட்டு எர்ன்ஸ்ட் ஷ்வார்ட்ஸ் 1929ல இது வேற மாதிரி இருக்கேன்னு எழுதினாரு, 1933ல ஹெரால்ட் கூலிட்ஜ் அத தனி இனம்னு சொன்னாரு. மண்டை ஓடு விக்கிற கம்பெனி மண்டை ஓட்டால கண்டுபிடிச்ச இனத்தையே விட்டுட்டா எப்படி.

புக்லெட்டுல நடத்தைன்னு ஒரு பக்கம் இருக்கு, அதப் படிக்காம கிழிச்சுப் போட்டாலும் நஷ்டம் இல்ல. கருவி செய்யறது மனுசன் மட்டும்தான்னு போட்டிருக்கு. சிம்பன்சி ஆராய்ச்சி பண்ண ஜேன் குட்டால் டான்சானியா கோம்பேல ஒரு சிம்பன்சி குச்சிய உடைச்சு இலைய உருவிட்டு கரையான் புத்துல விட்டுத் தின்னதப் பாத்தது 1960, அவங்க 2025ல தவறியே போயிட்டாங்க, இவங்க இன்னும் அந்த வரிய மாத்தல. கினி நாட்டுல பொசூல கல்ல அடிக்கல்லா வச்சு இன்னொரு கல்லால பனங்கொட்டை உடைக்கும், குட்டிங்க பக்கத்துல உக்காந்து பாத்துப் பாத்து கத்துக்க வருசக்கணக்காகும். காங்கோல ஒரு பொண்ணு கொரில்லா குச்சிய ஊனி தண்ணி ஆழம் பாத்துட்டு இறங்கினத போட்டோவோட 2005ல போட்டாங்க. சுமத்ரால ராக்கஸ்னு ஒரு ஆண் ஒராங்குட்டான் கன்னத்துல காயம்பட்டு, ஒரு கொடியோட இலைய மென்னு சாறக் காயத்துல தடவி மேல மென்ன இலைய வச்சு மூடினத 2024ல வெளியிட்டாங்க, அந்தக் கொடிய அங்க ஊர்க்காரங்களும் மருந்தா பயன்படுத்தறாங்க.

அப்புறம் எல்லா மனிதக் குரங்கும் கூட்டமா வாழும், சைவம், விரல் முட்டில ஊனி நடக்கும்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. மூணும் தப்பு. ஒராங்குட்டான் பெரும்பாலும் தனியாத்தான் திரியும், தாயும் குட்டியும் மட்டும் சேந்து இருக்கும், ஒரு குட்டிக்கும் அடுத்ததுக்கும் ஏழெட்டு வருசம் இடைவெளி. சிம்பன்சி கூட்டமா சேந்து கொலபஸ் குரங்க வேட்டையாடித் தின்னும். முட்டில ஊனி நடக்கறது சிம்பன்சி, போனோபோ, கொரில்லா மட்டும்தான், ஒராங்குட்டான் தரைல வந்தா கைய மடக்கி முஷ்டில நடக்கும், கிப்பன் கிளை மேல ரெண்டு கால்ல கைய விரிச்சுட்டு நடக்கும். சண்டையப் பத்தியும் ஒரு வரி இல்ல. கோம்பேல 1974ல இருந்து 78 வரைக்கும் ஒரே கூட்டம் ரெண்டா உடைஞ்சு ஒரு பக்கத்து ஆணுங்கள இன்னொரு பக்கம் ஒவ்வொண்ணா கொன்னே போட்டுச்சுங்க. போனோபோல பொண்ணுங்க கூட்டணி போட்டு ஆணுங்கள அடக்கி வைக்கும். அதுக்காக போனோபோ ஆண் சாதுன்னு நெனச்சுக்காதீங்க, ஆணுங்களுக்குள்ள தகராறு சிம்பன்சியவிட அடிக்கடி நடக்குதுன்னு 2024ல ஒரு ஆய்வு சொல்லுது, கொலை வரைக்கும் போறதில்ல, அவ்வளவுதான்.

இந்தியால மனிதக் குரங்கே கிடையாதுன்னும் அதே பக்கத்துல ஒரு வரி. அசாம், மேகாலயா பக்கம் ஹூலக் கிப்பன் இருக்கே, ஜோர்ஹாட் பக்கத்துல அது பேருலயே சரணாலயம் இருக்கு. பெட்டில கிப்பன் மண்டைய வச்சுட்டு இந்த வரிய எழுத எப்படி மனசு வந்துச்சோ.

பேக்கிங் நல்லா இருந்துச்சு, தெர்மாகோல் வெட்டி தனித்தனியா வச்சிருந்தாங்க. ஆனா ஒரு கோரைப்பல் ஆட்டமா வந்துச்சு, ஒராங்குட்டானது, கஸ்டமர் கேர்ல சொன்னா போட்டோ அனுப்புங்கன்னாங்க, அனுப்பினேன், மறுபடி போட்டோ கேட்டாங்க, கடைசில நானே ஃபெவிக்விக் போட்டு ஒட்டிட்டேன். ரெசின் வாடை கொஞ்ச நாள் இருக்கும், மொட்டை மாடி நிழல்ல வைங்க, வெயில்ல வேணாம், மஞ்சளாயிரும். பெயிண்ட் போகாது, ஈரத் துணில துடைக்கலாம். கீழ்த்தாடை ஸ்ப்ரிங் மட்டும் லொடலொட, பசங்க கைல குடுக்கும்போது தாடையத் தனியா கழட்டிக் குடுக்கறது நல்லது. கிப்பன் மண்டை கன்னத்துல இருக்கற வளைவு எலும்பு தீக்குச்சி தடிமன்தான், அத மட்டும் நீங்களே பிடிச்சுக் காட்டுங்க.

ஸ்கூல் லேப், டியூஷன் சென்டர், எம்பிபிஎஸ் முதல் வருசம், ஆந்த்ரோபாலஜி படிக்கறவங்க தாராளமா வாங்கலாம். வீட்டுல ஷோகேஸ்ல வைக்கணும்னா மனுசன் - சிம்பன்சி ரெண்டு மட்டும் இருக்கற சின்ன செட் பாதி விலைக்குள்ள கிடைக்குது, அது போதும், பென்சில் வேலையும் பல்லு வேலையும் அதுலயே செஞ்சுரலாம். சின்னப் பசங்களுக்கு எலும்பெல்லாம் வேணாம், வண்டலூர்ல சிம்பன்சி இருக்கு, கொரில்லா பாக்கணும்னா மைசூர் ஜூ போங்க, 2021ல ஜெர்மனில இருந்து வந்த தாபோ, டெம்பான்னு ரெண்டு ஆண் அங்க இருக்கு. சார்ட்டு பேப்பர் மட்டும் நல்ல தடிமன், லேமினேஷன் போட்டது, பின்பக்கம் வெள்ளை, நான் திருப்பி வச்சு மார்க்கர்ல புதுசா கிளை போட்டு வரைஞ்சு மாட்டியிருக்கேன், எங்கிட்ட பசங்க வரைஞ்ச போனோபோதான் கொஞ்சம் ஆடு மாதிரி வந்துருச்சு.

மண்டை ஓடுக்கு 5க்கு நாலரை, கை காலுக்கு 3, பேப்பருக்கு அந்த வெள்ளைப் பக்கத்துக்காக 1.